பாட்டியைப் பார்க்க ஆள் வைத்தாச்சு. அந்த ஆளை யார் பார்ப்பது?

விழுப்புரம்,

மண்டகப்பட்டு குகைக் கோவிலைப் பார்த்துக்கொள்ள தொல்பொருள் துறை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோவில் அது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நிற்கிறது.

அந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டிகளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

மகன் சென்னையில். மகள் புதுச்சேரியில். பேரன் துபாயில். அம்மா மட்டும் ஊரில். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று பல வீடுகளில் ஒரே பேச்சு: "கூடவே தங்கிப் பார்த்துக்க ஒரு ஆளு கிடைக்குமா? சம்பளம் எவ்வளவானாலும் பரவாயில்லே!"

ஆள் கிடைப்பது ஒரு கஷ்டம். கிடைத்த பிறகு வருவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

ஆசிரமத்தில் நடந்தது

"வீட்டில் ஆள் வைப்பானேன், ஆசிரமத்தில் விட்டால் போச்சு" என்பார்கள் சிலர். அவர்கள் குண்டலப்புலியூரை மறந்துவிடக் கூடாது.

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே உள்ளது அந்த ஊர். அங்கிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2021 டிசம்பரில் முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டு அமெரிக்காவில் இருந்து உறவினர் வந்து கேட்டார். "பெங்களூரில் உள்ள இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை!

விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. ஆட்கொணர்வு மனு தாக்கல் ஆனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். அனுமதி இல்லாமலே இல்லம் நடந்தது தெரியவந்தது. உள்ளே இருந்த 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்தார்கள், கொடுமைப்படுத்தினார்கள் என்று புகார்கள் குவிந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது.

இத்தனையும் வெளியே வந்தது எப்படி? ஒரு உறவினர் நேரில் வந்து, "எங்கே அவர்?" என்று கேட்டதால்தான். ஆசிரமம் ஆனாலும் சரி, வீட்டில் வைத்த ஆள் ஆனாலும் சரி, இந்தப் பாடம் ஒன்றுதான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதுவும் நடக்கும்.

ஒரு சம்பளம், 24 மணி நேரம்

சரி, வீட்டிலேயே ஆள் வைத்தாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். பகல் முழுவதும் சமையல், துணி, குளிப்பாட்டல். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு பெண். அவளும் பக்கத்துக் கிராமத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள்தான்.

பத்து நாள் தாங்குவாள். பதினோராம் நாள் எரிச்சல் வரும். ஒன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். அல்லது கோபத்தைப் பாட்டி மீது காட்டுவாள். "ஆளு சரியில்லே" என்று ஏஜென்சிக்கு போன் போட்டால் வேறு ஆள் வரும். அவளும் பத்து நாள்தான்.

குற்றம் எப்போதும் ஆளிடம் மட்டும் இல்லை. தூக்கமும் வார விடுமுறையும் கொடுக்காத வீட்டிலும் இருக்கிறது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007ல் தமிழக அரசு தனி நல வாரியமே அமைத்தது. 2018ல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தது. எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் கோட்ட அதிகாரிகளிடம் இதற்காகப் போகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்கு அந்தச் சட்டம் வழி செய்கிறது. கவனிப்பில் உள்ள முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் போலீஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். முதியவர் கேட்டால், வேலைக்கு வருபவரின் பின்னணியைப் போலீசார் விசாரித்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் விதிகளில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி மையமும் இருக்கிறது.

செய்ய வேண்டியது

ஆள் வைக்கும்போது ஆதார் நகல், ஊர் முகவரி, உறவினர் போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம், லீவு நாள், செய்ய வேண்டிய வேலை மூன்றையும் காகிதத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி வேலை அதிகம் என்றால் மாற்று ஆள் வேண்டும். நகை, பாஸ்புக், பத்திரம் எல்லாம் குடும்பத்தார் கையில் இருக்க வேண்டும். பிறகு சந்தேகமும் வராது, திருட்டுப் பட்டமும் வராது.

பக்கத்து வீட்டுக்காரரிடம், "அடிக்கடி எட்டிப் பாருங்க அண்ணே" என்று சொல்லி வைப்பதில் செலவே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது. வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் ஒருமுறை. சென்னையில் இருந்து விழுப்புரத்துக்கு எத்தனையோ பஸ் இருக்கிறது. வந்து அம்மாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் போதும், எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வந்த அன்று அந்தப் பெண்ணையும், "நீ போய்த் தூங்கும்மா, இன்னிக்கு நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவிடலாம்.

பணம் மாதாமாதம் ஜி-பேயில் போய்விடும். பிள்ளைகள்தான் பஸ் ஏறி வர வேண்டும்!