இரங்கலுக்கு முந்து, சந்தாவுக்குப் பிந்து

2021 பிப்ரவரியில், வாசகர்கள் இட்ட கருத்துகளுக்காக மலேசியாகினிக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது கூட்டரசு நீதிமன்றம். அதே நாளில் மக்கள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். பெருமைதான். ஆனால் அபராதம் ஒருநாள் செலவு. செய்தியாளர் சம்பளம் மாதாமாதம் வரும் செலவு. 2002 முதலே அந்தத் தளம் சந்தா கேட்கிறது. அதைக் கட்ட மட்டும் ஏன் நமக்குக் கை வரமாட்டேங்குது?

தமிழ் நாளிதழ்கள் கதை இன்னும் மோசம். விடியறதுக்குள்ள பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவுல வந்துடுது. அனுப்பியவருக்குத் 'தமிழ்ச்சேவை'ன்னு நன்றி வேற! 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது மட்டும் ஆளாளுக்கு இரங்கல் எழுதினோம்.

நான் பொறியாளன். பராமரிப்புச் செலவை வெட்டினால் இயந்திரம் அன்றைக்கே நிற்காது. கொஞ்ச நாள் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். வாசகன் கொடுக்காத காசை விளம்பரதாரரோ கட்சியோ கொடுக்கும். அப்புறம் செய்தி யார் பேச்சைக் கேட்கும்?

முடியாதவர்களை விடுங்கள். கைபேசிக் கட்டணத்தை மாதம் தவறாமல் கட்டுகிறவர்களைத்தான் கேட்கிறேன். இரங்கலை அப்புறம் எழுதலாம். முதல்ல சந்தாவைக் கட்டுங்க.