ஒன்றரை மணி நேர ஃப்ளைட்டும் பழவேற்காட்டுக் கணக்கும்

பழவேற்காட்டுப் பக்கம் குப்பங்கள்ல இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "தூத்துக்குடியில சொந்தத்துல கல்யாணம், குடும்பத்தோட ஃப்ளைட்ல போகலாமா? ஒன்றரை மணி நேரம்தானே!"

அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் பலர் பணத்தை விடுறாங்க. சென்னை ஏர்போர்ட்டுக்கும் தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டுல சுமார் 530 கிலோமீட்டர். இந்த மாதிரி ரூட்ல ஓடுற ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல போகும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்துதான் டைம்டேபிள்ல ஒன்றரை மணி நேரம்.

ஆனா நீங்க கிளம்புறது மீனம்பாக்கத்துல இருந்து இல்லையே, லைட்ஹவுஸ் குப்பத்துல இருந்து. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயின், அப்புறம் மெட்ரோ. காலையில 5 மணிக்குக் கிளம்பினா 9 மணிக்கு ஏர்போர்ட். 11 மணி ஃப்ளைட்டைப் பிடிச்சு, வாகைக்குளத்துல இறங்கி டவுனுக்குள்ள போக மதியம் ஒன்றரை. மொத்தம் எட்டரை மணி நேரம், அதுவும் முழுப் பகல்.

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போனா வீட்டுல இருந்து சுமார் 15 மணி நேரம். ஆனா காலையில ஏரிக்குப் போய்ட்டு வந்து, சாயங்காலம் கிளம்பி, எழும்பூர்ல ஏறிப் படுத்தா விடியக்காலை தூத்துக்குடி. தொழில் நாள் கெடல. ஸ்லீப்பர் 400 ரூபாய், ஃப்ளைட் 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். நாலு பேருக்கு வித்தியாசம் 14,400. நீங்க தூங்கப்போற நேரத்தை மிச்சம் பண்ணத்தான் இவ்வளவு பணம்! வட்டிக்கு வாங்கி இதைச் செய்றவங்களையும் பார்த்திருக்கேன், மனசு கேக்கல.

அப்போ ஃப்ளைட்டே வேண்டாமான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். நம்ம ஏரியில 'பாடு' முறை இருக்கு. இன்னிக்கு இன்னார் வலை போடணும்னு முறை வெச்சுத்தான் தொழில். உங்க முறை போச்சுன்னா அடுத்தது சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். கல்யாணம் மதியம் முடியுது, மறுநாள் விடியல்ல உங்க பாடுன்னு வைங்க. ராத்திரி ட்ரெயின் உங்களை எழும்பூர்ல இறக்குறப்போவே விடிஞ்சிருக்கும். 4 மணி வாக்குல ஃப்ளைட் கிடைச்சா ராத்திரி 10 மணிக்குள்ள குப்பத்துல இருக்கலாம். இறால் நல்லா படுற சீசன்ல அந்த ஒரு நாள் வருமானம் டிக்கெட்டைத் தாண்டிடும். அப்போ யோசிக்காம போடுங்க. ஆனா பாடு இருக்கிறவருக்கு மட்டும் ஒரு டிக்கெட், வர்றதுக்கு மட்டும். வீட்டுல மத்தவங்க நிதானமா ட்ரெயின்ல வரட்டும்.

அதனால தேதி தெரிஞ்சதும் முதல்ல பாடு முறையைப் பாருங்க, அப்புறம் டிக்கெட் விலையைப் பாருங்க. இன்னொன்னு, செக்-இன் லக்கேஜ் பொதுவா 15 கிலோதான். சீர் சாமானும் கருவாட்டு மூட்டையும் ட்ரெயின்ல வர்றவங்ககிட்டயே கொடுத்துடுங்க.