சுற்றுச்சுவருக்கு வெளியே

கட்டடக்கலைஞர்களான நம் போட்டி வரைபடங்களில் நடைபாதை எப்போதும் நிரம்பி வழிகிறது. பலூன் பிடித்த குழந்தைகள், காபிக் கோப்பையோடு இளைஞர்கள். கட்டடம் எழுந்துவிட்டால் தெருவுக்கு உயிர் வந்துவிடும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டாக வேண்டும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்தச் சாலை செத்தா கிடந்தது? தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கத் தலைமுறைகளாக ஊரே கூடிய இடம் அது. வண்டிகள் பிடித்துவைத்திருந்த இடத்தை நடப்பவர்களுக்கு மீட்டுக் கொடுத்ததுதான் வடிவமைப்பு செய்த வேலை. நல்ல வேலை, அவசியமான வேலை. ஆனால் அங்கிருந்த உயிர் நாம் கொடுத்ததல்ல.

நியூயார்க் இதை முன்பே கற்றுக்கொண்டது. 1958இல் முடிந்த மீஸ் வான் டெர் ரோவின் சீக்ராம் கட்டடம், பார்க் அவென்யூவிலிருந்து உள்ளே தள்ளி நின்று, முன்னால் ஒரு திறந்த முற்றத்தை விட்டது. மக்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். 1961இல் மாநகர விதி மாறியது: முற்றம் விடுபவருக்குக் கூடுதல் தளப்பரப்பு. கட்டுநர்கள் விட்டார்கள், தளப்பரப்பையும் வாங்கிக்கொண்டார்கள். முற்றங்களில் பல வெறிச்சோடின. நகர ஆய்வாளர் வில்லியம் வைட் கேமராவோடு நின்று கவனித்துக் கண்டது மிக எளிய உண்மை: உட்கார இடமுள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். சீக்ராமின் ஓரச்சுவர்களும் படிகளும் உட்கார வாகாக இருந்தன. 1975இல் விதியைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்கினார்கள்.

நம் விதி எதற்குச் சலுகை தருகிறது? ஸ்டில்ட் பார்க்கிங் எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) கணக்கில் சேராது. எனவே தரைத்தளம் காருக்குப் போய்விடுகிறது. தெருவுக்கு மிஞ்சுவது சுற்றுச்சுவர், கிரில் கேட், காவலாளியின் நாற்காலி. குடியிருப்புத் தெருக்களில் சன்னலோ வாசலோ எதிர்ப்படாமல் நெடுந்தூரம் நடக்கிறோம். அதே தெருவுக்கு ஏ.சி. வெளிப்பெட்டிகளின் வெப்பத்தையும் தள்ளிவிடுகிறோம்.

திண்ணையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பார்கள். திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்ததை மறந்துவிட்டு அதைப் பேச முடியாது. இன்றும் அதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014லேயே வந்துவிட்டது. ஆனாலும் நம் வரைபடங்களில் பூக்காரம்மாவுக்கு இடமில்லை. அவர் இருந்தால்தான் இரவு ஒன்பது மணிக்கும் தெருமுனை நடக்கத் துணிவு தரும்.

நம் கையில் உண்மையாகவே இருப்பது கட்டடம் தெருவைத் தொடும் சில மீட்டர்கள்தான்: சுவரின் உயரம், கதவுகளின் எண்ணிக்கை, நிழல், உட்காரத் தோதான ஒரு விளிம்பு. முகப்புக்குச் செலவிடும் உழைப்பில் கால்பங்கையாவது அங்கே செலவிட வேண்டும். வரும் இதழிலிருந்து, திட்டங்களை அனுப்புவோரிடம் இரண்டைக் கூடுதலாகக் கேட்கிறோம்: தெருவோடு சேர்த்து வரைந்த 1:50 தரைத்தள வெட்டுத்தோற்றம், ஆட்கள் குடியேறி ஓராண்டு கழிந்தபின், நடைபாதையில் நின்று எடுத்த படம்.