பெயிண்ட் ஏன் அடிக்கவில்லை?

போன வாரம் அப்பாவின் ராலி சைக்கிளோடு நான் நிற்கும் படத்தைப் போட்டதும் பாதிப் பேர் கேட்டது, "சார், இவ்வளவு செலவு பண்ணீங்க, பெயிண்ட் அடிச்சிருக்கலாமே!" என் தங்கை, "கழுவியாவது நிறுத்தியிருக்கலாம்ணா" என்றாள்.

கழுவித்தான் நிறுத்தினேன். அது அறுபது வருஷ நிறம்.

ஓட்டல் வாசலில் பூத்தொட்டி வைத்து நிறுத்தியிருக்கும் பழைய சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே பளபளப்பு, உள்ளே துரு. ஏறி மிதிக்க முடியாது. என்னைக் கேட்டால், பழைய வண்டிக்குச் செலவு செய்வதென்றால் தேய்கிற இடத்தில் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் வண்டியில் பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்றது. முதலில் பார்த்த கடைக்காரர், "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு புது செட் மாட்டிடலாம்" என்றார். புதுக் கப் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி முறுக்கப் போனார். வேண்டாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு பின்னால் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவனிடம் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், அந்த பேட்சுக்குத் தெரியும். கப்பைப் பார்த்ததும் சொன்னான்: "சார், நாட்டிங்காம் ராலிக்குப் புரி வேற. அங்குலத்துக்கு 26. கடையில கிடைக்கிறது 24. முறுக்கியிருந்தா பிரேமே போயிருக்கும்." செயின் பக்கத்துக் கப் இடது புரி, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். திருகு ஓர் எளிய இயந்திரம் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான்.

கழற்றிப் பார்த்தால் கப் நன்றாகவே இருந்தது. தேய்ந்தது பால்ரஸும் காட்டர் பின்னும்தான். கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 11. நல்லதாக இருப்பதை வைத்துக்கொள்ளலாமே என்றேன். கூடாதாம். பழையதும் புதியதும் கலந்தால் அளவு மாறி, பாரமெல்லாம் சிலவற்றின் மேலேயே விழுமாம். இருபத்திரண்டையும் மாற்றினான். காட்டர் பின் இரண்டையும் எதிரெதிராகப் போட்டான், ஒன்றின் நட்டு மேலே பார்த்தால் மற்றது கீழே. இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, "சார், அசையாம பிடிங்க" என்றான். முட்டு இல்லாமல் அடித்தால் சுத்தியல் அடி நேரே கப்பில் இறங்கிக் குழி விழும். நான் அசையாமல் பிடித்தேன்.

செயினையும் அளந்தான். 12 அங்குலம் இருக்க வேண்டிய 24 கண்ணி, அரைக்கால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தது. அது மட்டும் புதுசு.

பத்தாம் வகுப்பில், எல்லார் முன்னாலும், "நீ சைக்கிள் கடையிலதான் உட்காருவே" என்று நான் திட்டியது இவனைத்தான். திட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்று கழற்றிய காட்டர் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமில்ல சார்" என்றான். ஞாபகம் இருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. கூலியை முழுசாக வாங்கிக்கொண்டான், அதில் எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது தினமும் காலையில் நூலகம் வரை போய் வருகிறேன். 'டக்' இல்லை. பிரீவீல் மட்டும் இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறான்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய ராலி கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். அந்த 26 புரிக் கப் அவனுக்கு வேண்டுமாம்.