பத்திரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்

திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கம் கிரயப் பத்திரம் எழுதிப் பிழைப்பவள் நான். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கத்து மணலுக்கு வந்த மவுசு ஊரறிந்தது. சவுக்குத் தோப்பாகக் கிடந்த இடமெல்லாம் லேஅவுட் ஆகி, கல் நட்டு, மனை மனையாக விற்றுப் போனது. என் கை வழியாகப் போன பத்திரங்களில் பெரும்பாலானவை ஆண் பெயரில் எழுதப்பட்டவை. கொடுத்த பணத்தில் மனைவியின் நகை இருக்கும், அவள் அப்பா கொடுத்தது இருக்கும், மகளிர் குழுவில் அவள் வாங்கிய கடன் இருக்கும். அவள் பெயர் இருக்காது.

குடும்பம் ஒழுங்காக ஓடும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. டைவர்ஸ் என்று செங்கல்பட்டு குடும்பநல நீதிமன்றத்தின் படியேறும்போதுதான் உறைக்கிறது. அங்கே முதலில் எழும் கேள்வி, சொத்து யார் பெயரில் என்பது.

நம் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. தாலி கட்டியதால் ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு வந்துவிடாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. 25-வது பிரிவு ஜீவனாம்சம் தருகிறது. அதற்கு ஈடாகக் கணவன் சொத்தின்மீது பொறுப்புக் கட்டவும் வழி செய்கிறது. பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்து வாங்கிய வீட்டை இரண்டாகப் பிரித்துக் கொடு என்று சொல்லும் பிரிவு அதில் எங்குமே இல்லை.

ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை. தேவனேரி பக்கம் 1,200 சதுர அடி மனை வாங்க வந்தார்கள். அந்தப் பெண் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் நகைக்கடையில் நகையை விற்றதற்குக் கொடுத்த துண்டுச் சீட்டு; எடை, சேதாரம் கழித்த தொகை, கடைக்காரர் கிறுக்கல். கணவர் தன் பெயரில் எழுதச் சொன்னார். "ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாமே, முத்திரைத்தாள் செலவு ஒண்ணுதான்" என்றேன். அந்தப் பெண்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "அவர் பேர்லயே இருக்கட்டும்கா. நான் எங்க போகப் போறேன்?"

சில வருஷம் கழித்துத் தனியாக வந்தாள். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். வக்கீல் நோட்டீஸ் வருவதற்குச் சில வாரம் முன்னால், அந்த மனையைக் கணவர் தன் அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதியிருந்தார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. 2023 ஜூலையில் கட்டணத்தை உயர்த்திய பிறகும் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். தாய்க்குப் பிள்ளை எழுதித் தருவதற்கு மருமகளின் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. நகை விற்ற சீட்டு எங்கே என்று கேட்டேன். இல்லை. பட்டறையில் சிலைகளுக்குப் பாலீஷ் போட்டது, வேலையாட்களுக்குப் பொங்கிப் போட்டது எல்லாவற்றுக்கும் எந்தக் காலத்தில் யார் சீட்டு கொடுத்தார்கள்?

சீதன நகை மனைவிக்கு மட்டுமே சொந்தம் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத்துப் பெண் ஒருவருக்கு, எடுத்துக்கொண்ட நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நகை நகையாக இருக்கும்வரை சட்டம் துணை நிற்கிறது. அதை விற்று மனையாக்கியதும் அவள் கை வெறுங்கை. இந்த இடத்தைத்தான் நான் பொறுக்க முடியாத அநியாயம் என்கிறேன்.

கிரயப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அவள் நிலைமை வேறு. 'இக்கிரயத் தொகையில் இத்தனை ரூபாய், வாங்குபவரின் மனைவி இன்னார் தமது சீதன நகைகளை விற்றுக் கொடுத்த வகையில்' என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அப்படி எழுதினால் பினாமி ஆகிவிடாதா என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கு காட்டக்கூடிய வருமானத்தில் கணவனோ மனைவியோ மற்றவர் பெயரில் வாங்கும் சொத்து பினாமிக்குள் வராது. வழக்கென்று வந்தால் நிரூபிக்க வேண்டியது பணம் வந்த வழியை. அதைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதைவிட நல்ல சாட்சி ஏது?

பணமே போடாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவளுக்கு என்ன வழி? 2023 ஜூன் 21-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கண்ணையன் நாயுடு வழக்கு. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார், மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து முழுக்கத் தன்னுடையது என்று கணவர் வழக்குப் போட்டார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள். விடுப்பில்லாமல் வீட்டு வேலை செய்து, கணவன் நிம்மதியாகச் சம்பாதிக்க இடம்கொடுத்தவளுக்கும் அந்தச் சம்பாத்தியத்தில் பங்கு உண்டு என்று நீதிபதி எழுதினார். சர்ச்சைக்குரிய சில சொத்துகளில் சரிபாதி கிடைத்தது. மனைவியின் இந்த உழைப்பை ஏற்கும் சட்டம் இன்னும் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். அது விவாகரத்து வழக்கு இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்து வக்கீல்கள் மனுக்களில் அதை எடுத்துப் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும்.

ஒரு நீதிபதியின் நல்ல மனசை நம்பி எத்தனை பெண்கள் காத்திருப்பது? நாடாளுமன்றம் ஒருமுறை பாதிக் கிணறு தாண்டியது. விவாகரத்தின்போது கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தர வகை செய்த திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014-ல் மக்களவை கலைந்ததும் அதுவும் போயிற்று. கோவாவில் 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொதுவில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி 1707-ல் அங்கே தமிழர் வழக்கங்களை எழுதி வாங்கித் தொகுத்தது. மணவாழ்வில் சேர்ந்த தேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு என்பது அதிலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் மனைவி தன் நிலத்தை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்ற குறையும் உண்டு, அதை நான் கேட்கவில்லை. தேட்டத்தில் பங்கு என்பது தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதல்ல என்கிறேன்.

பொம்பளைங்க நிலத்துக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆறு மாசத்தில் டைவர்ஸ் கேட்பார்கள் என்று என்னிடமே சொல்கிறார்கள். நான் கேட்பது கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தில் பங்கு. ஆறு மாசத்தில் என்ன சேர்ந்துவிடும்? தாத்தா காலத்து நஞ்சையை நான் கேட்கவில்லை. இந்த விதி ஆணுக்கும் துணைதான்: வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து மனைவி பெயரில் மனை வாங்கிப் போட்டுவிட்டு, பிரிவு வந்ததும் கையைப் பிசைந்து நிற்பவர்களையும் நான் பார்க்கிறேன்.

புகுந்த வீட்டைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே குடியிருக்க உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தங்கும் உரிமைதான், சொத்துரிமை அல்ல. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

பிறந்த வீட்டுக் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணமானவர்களுக்கும் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பு, அந்தப் பங்கு பிறப்பிலேயே வருவது, தகப்பன் உயிரோடு இருந்தானா என்று பார்க்க வேண்டாம் என்றது. காகிதத்தில் எல்லாம் சரி. நடப்பு என்னவென்றால், கல்யாணம் முடிந்த சூட்டோடு "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். விவாகரத்தாகித் திரும்பி வருகிறவளுக்குப் புருஷன் வீட்டு மனையும் இல்லை, அப்பன் வீட்டு மனையும் இல்லை. அந்த விடுதலைப் பத்திரங்களை எழுதும்போது கையெழுத்துப் போட வரும் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்கிறாள், அதன் இன்றைய விலை என்ன என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களின் அண்ணன்மார் அதன்பின் என்னிடம் வருவதில்லை. பரவாயில்லை.

அரசு செய்யக்கூடியது நிறைய. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை உண்டு. நல்ல காரியம், ஆனால் கடற்கரைச் சாலையோரம் 10 லட்சத்துக்கு மனை எங்கே கிடைக்கிறது? கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிந்தால் அந்த வரம்பை உயர்த்திச் சலுகை கொடுக்கட்டும். குடியிருக்கும் வீட்டையோ, கல்யாணத்துக்குப் பின் வாங்கிய மனையையோ இலவசமாகக் கைமாற்ற வாழ்க்கைத் துணையின் கையெழுத்து கட்டாயம் என்று சட்டம் வரட்டும்.

அதுவரை, பிரிவு வரும்போல் தெரிந்தால் விவாகரத்து மனு மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். விவாகரத்து வழக்கு நடப்பதால் மட்டும் மனையை விற்பது நின்றுவிடாது. குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும் இடத்தில், 18, 19-வது பிரிவுகளில் சொத்து, லாக்கர், கூட்டுக் கணக்கு எதையும் கைமாற்றாமல் தடை கேட்கலாம். சொத்து விவர பிரமாணப் பத்திரம் இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் எதிர்த்தரப்பு கைடுலைன் மதிப்பை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து மனை அண்மையில் போன விலைக்குப் பத்திர நகல் எடுத்துக் கொடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் கட்டணம் கிடையாது. சர்வே எண், கிராமம், சார்பதிவாளர் அலுவலகம் தெரிந்தால் போதும். வக்கீலைப் பார்ப்பதற்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.