தராசில் ஏறாத புகைபோக்கி

சிதம்பரத்தில் கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கியபோது, உழவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "புகையைக்கூட விற்கிறார்களாமே, மெய்தானா தம்பி?" என்று கேட்டார். "மெய்தான் ஐயா" என்றேன். விளக்கிச் சொல்வதற்குள் கடலூர்ப் பேருந்து புறப்பட்டுவிட்டது. அவருக்குத் தரவேண்டிய விடையைத் தோழர்களே, உங்களிடம் தருகிறேன்.

2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் வணிகத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ஆலைக்கு ஓர் அளவு விதிப்பர்; அதற்குக் குறைவாகக் கரியமில வாயுவை வெளிவிட்டால் சான்றிதழ். மிகுதியாக விட்டவர் அச்சான்றிதழை விலைகொடுத்து வாங்கவேண்டும். தவறினால் சந்தைச் சராசரி விலையைப்போல் இருமடங்கு தண்டம். புகையைக் குறைப்பவனுக்கு ஆதாயம், கூட்டுபவனுக்குச் செலவு! வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான்.

ஆனால் அந்தத் தராசைச் சற்று உற்று நோக்குங்கள். மொத்தப் புகைக்கு வரம்பு இல்லை. ஒரு டன் சரக்குக்கு இத்தனை என்னும் விகிதமே உண்டு. 100 டன் சிமெண்ட் செய்து 60 டன் வாயு விட்ட ஆலை, 200 டன் செய்து 100 டன் விடுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் இறங்கிற்று, சான்றிதழும் கிடைக்கலாம். வானத்துக்கோ 40 டன் கூடுதல்! வளரும் நாட்டுக்கு வரம்பு கட்டலாமா, கரி எரித்தே கொழுத்த நாடுகளன்றோ முதலில் குறைக்கவேண்டும் என்பர். அதில் நியாயம் உண்டு, மறுக்கமாட்டேன்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. திட்டத்துக்கென முதலில் குறித்த 9 தொழில்களில் அலுமினியம் உண்டு, சிமெண்ட் உண்டு, காகிதம் உண்டு, நெசவும் உண்டு. அனல்மின் நிலையம் இல்லை! கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1470 மெகாவாட் இரண்டாம் நிலையம், 1000 மெகாவாட் புதிய நிலையம். எரிப்பது ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல கரியைவிட அதிக வாயு கக்குவது. துணி நெய்பவன் கணக்குக் காட்டவேண்டும், நெய்வேலிப் புகைபோக்கி காட்டவேண்டாமாம்! சீனமும் விகிதம்தான் வைத்தது; ஆயினும் 2021இல் சந்தை தொடங்கியபோது முதலில் இழுத்து வந்தது அனல்மின் நிலையங்களையே.

மின்கட்டணம் ஏறுமே என்பீர்கள். அங்கேதான் விழிப்பு வேண்டும். ஐரோப்பா 2005இல் அனுமதிச் சீட்டுகளைப் பெரும்பாலும் இலவசமாக வழங்கிற்று. மின் முதலாளிகள் என்ன செய்தனர்? காசின்றிப் பெற்ற சீட்டுக்கும் விலை போட்டு மக்கள் தலையில் ஏற்றினர். அளவுக்கு மீறி வழங்கியதால் 2007இல் சீட்டின் விலையே ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாயிற்று. 2013இலிருந்துதான் மின் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏலத்தில் வாங்கும் நிலை வந்தது. அவர்கள் எட்டாண்டில் கற்றதை நாம் முதல் நாளே எழுதிக்கொள்ளலாகாதா?

ஆகவே கேட்போம்: அனல்மின் நிலையங்களைத் தராசில் ஏற்றுங்கள். அவற்றுக்கு விகிதம் போதாது, மொத்த வரம்பு வையுங்கள், ஆண்டுதோறும் இறக்குங்கள். சீட்டை ஏலத்தில் விற்று, அப்பணத்தில் ஏழை வீட்டு மின்கட்டணத்தைத் தாங்குங்கள். மற்றொரு பங்கு, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களுக்குச் சேரட்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிர்மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறியதைப் பார்த்தோமே, அந்த ஊரின் பெயர் அப்பட்டியலில் முதலில் இருக்கட்டும்.