உயரத்தைக் குறைத்தது யார்? நாமக்கல் முட்டையும் நம் உடல் எடையும்

முட்டைக்கு நாமக்கல், ஜவ்வரிசிக்குச் சேலம். புரதமும் மாவுச்சத்தும் அடுத்தடுத்த மாவட்டங்களில் விளைகின்றன. இச்சமவெளியில் உழைப்போரின் உடலில் இவற்றுள் எது சேர்கிறது, எது சேராமல் போகிறது என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. சாதியும் சட்டமும் சார்ந்த கேள்வி.

மருத்துவ முகாம்களில் நம் உடலை மதிப்பிடும் அளவுகோல் உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். விடை 18.5-க்குக் கீழ் என்றால் எடைக்குறைவு. 25-ஐத் தொட்டால் மிகை எடை. தெற்காசியர்களைக் குறைந்த எடையிலேயே நீரிழிவு தாக்குவதால், இந்திய வல்லுநர்கள் 2009-இல் மிகை எடையின் எல்லையை 23 என வகுத்தனர்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் 25 என்ற எல்லையை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள், 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தோர். 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கூடுதல் எடையும் ஊட்டமின்மையும் ஒரே சமூகத்தில், பல வேளைகளில் ஒரே உடலில், சேர்ந்தே இருக்கின்றன.

இது எப்படி நேர்கிறது? 50 கிலோ எடையுள்ள இரு பெண்களை எண்ணிப் பார்ப்போம். ஒருவரின் உயரம் 1.55 மீட்டர், அவருடைய குறியீட்டெண் 20.8, இயல்பான எடை. மற்றவரின் உயரம் 1.45 மீட்டர், குறியீட்டெண் 23.8, மிகை எடை. எடை ஒன்றே, மாறியது உயரம். உயரத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு. எனினும், கருவிலும் முதல் ஐந்தாண்டுகளிலும் கிடைக்காமற்போன உணவு அதைக் குறைத்துவிடுகிறது. அதே ஆய்வின்படி, நாடு முழுவதும் பட்டியல் சாதிக் குழந்தைகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரில் இது ஏறத்தாழ 30.

எனவே, 'எடையைக் குறையுங்கள்' என்ற அறிவுரை தவறன்று. அது பாதி உண்மை. நீரிழிவு அபாயம் மெய்யானது. ஆனால் உயரத்தைக் குறைத்தது யார் என்ற கேள்வியை அவ்வறிவுரை மறைத்துவிடுகிறது.

உணவு இங்கே உரிமை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் உறுதிசெய்கிறது. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம், அதாவது அதில் பாதி. வாரம் ஐந்து முட்டை என்பதைத் தமிழ்நாடு 2010-இல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் முட்டை சந்தை விலைக்குப் போய்விடுகிறது. நியாயவிலைக் கடையில் இலவசமாகக் கிடைப்பது அரிசி. கூலி குறையும் வாரங்களில் தட்டில் எஞ்சுவதும் அதுவே.

உணவைப் பரிமாறும் இடத்திலும் சாதி நிற்கிறது. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. ஆயினும் 2018-இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சமைப்பதை எதிர்த்துச் சாதி இந்துக்கள் திரண்டனர்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: குடும்பநல ஆய்வின் மாவட்டத் தரவுத்தாள்களில் சாதிவாரிப் பகுப்பு இல்லை, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அது வெளியிடப்பட வேண்டும். இரண்டு: நியாயவிலைக் கடைகளில் முட்டையும் கூடுதல் பருப்பும் மலிவு விலையில் கிடைக்க வேண்டும். மூன்று: அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கண்காணிப்புக் குழுக்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் உரிய பிரதிநிதித்துவம் கோருகிறது, அக்குழுக்கள் முறையாகக் கூட வேண்டும்.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. உங்கள் ஊர்க் கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர்கள் யார், அது கடைசியாகக் கூடியது எப்போது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கிடைக்கும் பதில், அல்லது பதிலின்மை, நம் அடுத்த வழக்கின் முதல் ஆவணமாகும்.